ஏழாம் கேள்வி

கண்டாவளைப் பிரதேச செயலகத்தில்
மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரை காலியானது.
மூத்த கலைஞர் உதவித்தொகைப் படிவம், நாலு பக்கம்.
பெயர்: வே. தவபாலசிங்கம்.
தொழில்: நடிகர் என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து, முன்னால்
துணை என்று செருகினேன். இடம் போதவில்லை,
எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நின்றது.

ஏழாம் கேள்வி:
நடித்த படங்கள், பாத்திரங்கள். ஆதாரம் இணைக்கவும்.

மாத்தளைப் பேக்கரியில் பாண் போட்ட ஆறு வருசத்தில்
வாயில் ஒட்டிக்கொண்ட சிங்களம்,
அப்பா தந்த தோள்,
இவ்வளவுதான் என் தகுதி.
வன்னியில் படம் எடுத்தவர்கள்
ஆமிக்காரன் தேவையென்றால் எனக்குத்தான் ஆள் விட்டார்கள்.
கப்டன், மேஜர், ஒருமுறை பிரிகேடியர்.
பதவி உயர்ந்தது, சம்பளம் அதே சோற்றுப் பார்சல்.
ஜெனரேற்றர் வைத்துப் படம் போட்ட மறுநாள்
தருமபுரம் சந்தையில் மீன்காரி
தராசைக் கவிழ்த்து வைத்தாள்: உனக்கு இல்லை.
அதைவிடப் பெரிய விருது
பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை.

பிறகு என்றால், எல்லாம் முடிந்த பிறகு.
முகாமில் ஒரு உண்மையான கப்டன்
என்ன வேலை செய்தாய் என்று கேட்டான்.
பேக்கரி, என்றேன் அவனுடைய மொழியில்.
தொப்பியை ஒரு விரலால் நிமிர்த்தி
நெற்றியைச் சொறிந்தான்.
அட, இதை நான் ஒரு படத்திலும் செய்யவில்லையே
என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். வெட்கம்தான்.

கொழும்புத் தொலைக்காட்சி நாடகமொன்றில் மூன்று நாள்
என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதற்கென்று ஒரு மாமா.
கனடாக் காசில் எடுத்த குறும்படத்தில்
காணாமற்போனவனின் அப்பா.
சட்டம் போட்ட படமொன்றைப் பிடித்தபடி
நாலு நாள் வெயிலில் நின்றேன்.
யாருடைய படம் என்று நான் கேட்கவில்லை,
ஒருவரும் சொல்லவும் இல்லை.

பழைய நாடாக்களை ஒரு பால்மாப் பேணியில் போட்டு
இரணைப்பாலையில் தாட்டேன்.
அந்தக் காணியில் இப்போது யாரோ கச்சான் போடுகிறார்கள்.

"ஆதாரம் இல்லாட்டி அனுப்பேலாது ஐயா."
மேசைக்கு அப்பால் கோ. தர்மினி என்று பெயர்ப்பலகை.
படிவத்தைப் புரட்டியவள் ஒரு வரியில் நின்றாள்.
"முரசுமோட்டையில எடுத்த படமோ?
வரம்பில வைச்சு ஒரு பெடியனைச் சுடுவியளே?"
"ஓம்."
"அது என்ர அண்ணா."

கஜரூபன். தண்ணீர்க் கேன் தூக்க வந்தவன்.
சாகவேண்டியவனுக்குக் காய்ச்சலென்று
இவனை நிறுத்தினார்கள்.
ஆறு வருசம் கழித்து, வேறொரு வயலில்,
கமரா இல்லாமல்.
அதை அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

போனை என் பக்கம் திருப்பினாள்.
சுவிசில் இருந்து யாரோ அனுப்பிய நாற்பது வினாடி.
"அண்ணா அசையிறது இதில மட்டும்தான்."
பார்த்தேன். முழுக்க என் பிடரி.
என் முகம் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்த இடத்தில்
ஒரு தொப்பி, ஒரு காது.
அவன் மட்டும் நல்ல தெளிவு.

"விழமுன்னம் வாய் ஒரு மாதிரிப் போகுது.
அம்மா அதைப் பார்க்கமாட்டா.
பயந்திட்டானோ?"

"மீசை, பிள்ளை.
என்ர ஒட்டுமீசை வேர்வையில கழண்டு
ஒரு பக்கம் தொங்கினது.
அஞ்சு தரம் எடுத்தம், அஞ்சு தரமும் சிரிச்சான்.
வெளிச்சம் போகுதெண்டு எல்லாரும் கத்த,
கடைசியில அடக்கிக்கொண்டு விழுந்தான்."

அவள் அந்த இடத்துக்குத் திரும்பப் போனாள்.
நிறுத்தினாள். திரும்பப் போனாள்.
எனக்குப் பின்னால் காணி உறுதியோடு நின்றவர் செருமினார்.
ஆதாரம் என்ற பெட்டிக்குள்
தன் பேனையால் ஏதோ எழுதினாள்.
தலைகீழாக வாசிக்க எனக்கு வரவில்லை.

வாசலைத் தாண்டிவிட்டேன், கூப்பிட்டாள்.
"ஐயா, எந்தப் பக்க மீசை?"
"இடது," என்றேன்.

பரந்தனில் பஸ் மாறி ஏறி,
யன்னலோரம் இருந்து,
வலதாயிருக்குமோ என்று
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.